ஊரார் வீட்டில் ஒரு படிப்பு

என் அக்காள் மகள் என்ன படித்தாள் என்பதை எங்கள் வீட்டில் இன்று வரையில் ஒருவருக்கும் சரியாகச் சொல்லத் தெரியாது. டாக்டருக்குப் படித்தாள், என்ஜினீயருக்குப் படித்தாள் என்றால் கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரருக்குச் சொல்லிவிட்டு நிம்மதியாக ரசத்துக்குக் குழி பறிக்கலாம். இவள் படித்ததோ 'இன்டர்கல்ச்சுரல் ரிலேஷன்ஸ்' என்று ஒன்று, அதில் எம்.ஏ. நான் அதைத் தமிழாக்கி, "ஒரு தேசத்து ஜனங்களுடைய பழக்க வழக்கத்துக்கும் இன்னொரு தேசத்து ஜனங்களுடைய பழக்க வழக்கத்துக்கும் உள்ள உறவைப் பற்றிய படிப்பு அம்மா" என்று விளக்கினேன். அம்மாவின் காதில் 'உறவு' மட்டுந்தான் விழுந்தது.

"உறவுக்குக்கூடவா படிப்பு? இங்கே இருக்கிற உறவையே நம்மாலே காப்பாத்த முடியலை" என்றாள்.

யாரை மனத்தில் வைத்துக்கொண்டு சொன்னாள் என்று எனக்குத் தெரியும். அதற்குப் பிறகு வருகிறேன்.

2014 டிசம்பரில், முதுகில் ஒரு மூட்டையும் கையில் ஒரு தகரப் பெட்டியுமாக அவள் மதுரைக்கு வந்து இறங்கினாள். அமெரிக்காவில், நியூ ஜெர்ஸியில் பிறந்து வளர்ந்த பெண். ஆனால் வந்தது அமெரிக்காவிலிருந்து அல்ல. மேற்கு ஆப்பிரிக்காவில் உள்ள செனகல் தேசத்திலிருந்து. அங்கே ஒரு கிராமத்தில் இரண்டு வருஷத்துக்கு மேல் இருந்துவிட்டு, அமெரிக்கா திரும்புகிற வழியில் அம்மாச்சியைப் பார்க்க வந்திருந்தாள். மதுரை எப்படி வழியில் இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. பாசத்துக்குப் பூகோளம் கிடையாது.

அவள் படிப்பின் ஏற்பாட்டை முதலில் சொல்லிவிடுகிறேன். எனக்கு அது அவ்வளவு பிடித்திருந்தது. கல்லூரியில் ஏறக்குறைய ஒரு வருஷம் பாடம். பிறகு புத்தகத்தை மூடிவிட்டு 27 மாதம் அன்னிய தேசத்தில் தொண்டு. முதல் மூன்று மாதம் பாஷையும் வேலையும் பழகுவது. மீதி இரண்டு வருஷம் கிராமத்தில் குடியிருந்து வேலை. அப்புறம் கல்லூரிக்குத் திரும்பிவந்து, கண்டதையும் பட்டதையும் வைத்து ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதிக் கொடுத்துப் பட்டம் வாங்கிக் கொள்வது. தொண்டு செய்த காலத்துக்குச் சில கல்லூரிகள் பாடக் கணக்கும் கொடுத்தன. சம்பளத்திலும் சலுகை உண்டு. 1987-ஆம் வருஷம் நியூ ஜெர்ஸியில் காம்டன் என்ற ஊரில் உள்ள ரட்கர்ஸ் சர்வகலாசாலையில் இந்த ஏற்பாடு தொடங்கிற்று. பிறகு பல கல்லூரிகளுக்குப் பரவி, 2016-இல் முடிந்து போயிற்று. ஆகவே இதைப் படித்துவிட்டு யாரும் உங்கள் பெண்ணுக்கு விண்ணப்பம் போட ஓட வேண்டாம்.

தொண்டர்களை அனுப்புகிற ஸ்தாபனத்துக்குப் பெயர் பீஸ் கோர். அந்த நாளில் நம் பத்திரிகைகள் அதை அமைதிப் படை என்று எழுதியதுண்டு. இப்போது அப்படி எழுதினால் 1987-இல் இலங்கைக்குப் போன ராணுவந்தான் ஞாபகத்துக்கு வரும், அல்லது 1994-இல் வந்த சினிமா. ஆகையால் பீஸ் கோர் என்றே விட்டுவிடுகிறேன். 1960 அக்டோபர் 14-ஆம் தேதி அதிகாலை இரண்டு மணிக்கு, தேர்தல் பிரயாணத்தில் இருந்த கென்னடி, மிச்சிகன் சர்வகலாசாலைப் படிக்கட்டில் நின்றுகொண்டு மாணவர்களைப் பார்த்து, "உங்களில் எத்தனை பேர் தூர தேசங்களுக்குப் போய் உழைக்கத் தயார்?" என்ற பொருளில் கேட்டார். இரண்டு மணிக்குத் தூங்காமல் இருக்கிற மாணவர்கள் எதற்குத்தான் தயாராக இருக்க மாட்டார்கள்! அவர் ஜனாதிபதி ஆனதும் 1961 மார்ச் முதல் தேதி அந்த ஸ்தாபனம் பிறந்தது. அந்த வருஷ டிசம்பரிலேயே முதல் கோஷ்டி நம் பஞ்சாபுக்கு வந்துவிட்டது. என் தகப்பனார் மைசூர் ராஜ்யத்தில் வேலை பார்த்த காலத்தில் அப்படிப்பட்ட ஓர் அமெரிக்கப் பையனை அறிவார். கோழி வளர்க்கக் கற்றுக் கொடுக்க வந்தவன். "கோழியைப் பற்றி அவனுக்கு எல்லாம் தெரியும், கோழிக்குச் சொந்தக்காரனைப் பற்றித்தான் ஒன்றும் தெரியாது" என்பார் அப்பா. 1976-இல் அவர்கள் இந்தியாவைவிட்டே போய்விட்டார்கள்.

கோழிக்குச் சொந்தக்காரனைப் பற்றித் தெரிந்துகொள்வதற்குத்தான் இந்தப் புதுப் படிப்பு. எட்வர்ட் ஹால் என்ற மானிட நூலார் 1950-களில் வாஷிங்டனில் அயல் தேசங்களுக்குப் போகும் உத்தியோகஸ்தர்களுக்குப் பாடம் சொன்னார். அந்த உத்தியோகஸ்தர்களுக்குச் சரித்திரமும் இலக்கணமும் போதவில்லை. ஒரு மனிதன் பேசும்போது எவ்வளவு நெருங்கி நிற்பான், 'நாளைக்கு வா' என்றால் அது எந்த நாளைக்கு என்பதல்லவா தெரிய வேண்டும்? 1959-இல் அவர் அதைப் பற்றி எழுதிய புத்தகத்துக்கு 'மௌன மொழி' என்று பொருள்படப் பெயர் வைத்தார். அதற்குச் சற்று முன்னால், 1954-இல், காலெர்வோ ஓபெர்க் என்பவர் ரியோ டி ஜெனிரோவில் பேசும்போது, அன்னிய தேசத்தில் போய்க் குடியிருப்பவனுக்கு உண்டாகும் மனத் தடுமாற்றத்தை ஒரு நோயைப் போல விவரித்தார். முதலில் எல்லாம் அழகு. அப்புறம் எல்லாம் எரிச்சல். பிறகு மெள்ள மெள்ள ஒரு சமாதானம். கல்யாணமானவர்களுக்கு இதை ரியோ டி ஜெனிரோவிலிருந்து யாரும் வந்து சொல்ல வேண்டியதில்லை.

படிப்பையும் குடியிருப்பதையும் ஒன்றாக்கலாம் என்ற யோசனை இன்னும் பழசு. டொனால்ட் வாட் என்ற அமெரிக்கர் 1932-இலேயே இளைஞர்களை வெளிதேசம் அனுப்ப ஆரம்பித்துவிட்டார். ஹோட்டலில் தங்கிக் கட்டிடங்களைப் பார்ப்பதில் பிரயோஜனமில்லை, ஒரு குடும்பத்தில் பிள்ளையாக இருக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. அந்த முறையில் 1934-இல் ஜெர்மனிக்குப் போன மாணவர்களில் சார்ஜென்ட் ஷ்ரைவர் ஒருவர். அவர்தாம் பிற்பாடு கென்னடியின் மைத்துனராகி, பீஸ் கோருக்கு முதல் தலைவராகவும் ஆனார். வாட்டின் ஸ்தாபனம் வெர்மான்ட் ராஜ்யத்தில் பிராட்டில்பரோ என்ற ஊரில் பீஸ் கோர்த் தொண்டர்களைப் பழக்கியது. அந்த வேலையிலிருந்து 1964-இல் அங்கே ஒரு பள்ளியே முளைத்தது. என் மருமகள் படித்த கல்லூரி எது என்பது இங்கே வேண்டாம். அதற்கும் காரணம் இருக்கிறது.

நான் காலேஜில் இரண்டு வருஷம் வாசித்துவிட்டு, அப்பாவுக்கு உடம்பு படுத்ததும் நின்றுபோனவன். பட்டம் வாங்கினவர்களைக் கண்டால் இன்றும் கொஞ்சம் பொறாமை உண்டு. ஒரு வீட்டு வாசலில் உட்கார்ந்து அரட்டை அடித்துக்கொண்டே எம்.ஏ. வாங்கலாம் என்று எனக்கு யாராவது அப்போது சொல்லியிருந்தால், இந்நேரம் பத்து எம்.ஏ. வாங்கியிருப்பேன்.

வந்த மறுநாள் காலையில் அம்மா கம்பங்கூழ் கரைத்துக் கொடுத்தாள். குடித்துப் பார்த்துவிட்டு அந்தப் பெண் ஒரு நிமிஷம் பேசாமல் இருந்தாள்.

"அம்மாச்சி, இது எங்க ஊர்த் தானியம்" என்றாள்.

'எங்க ஊர்' என்று அவள் சொன்னது நியூ ஜெர்ஸியை அல்ல. செனகலில் கம்புதான் கிராமத்துச் சாப்பாடு. நாலாயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே மேற்கு ஆப்பிரிக்காவில் பயிரான தானியம் அது. அங்கிருந்துதான் நமக்கு வந்தது. அங்கே இன்றும் பெண்கள் விடியற்காலையில் மர உரலில் கம்பு இடிக்கிறார்கள். உலக்கையை மேலே தூக்கியதும் கையை விட்டுவிட்டு ஒரு தட்டுத் தட்டி மறுபடி பிடிப்பார்களாம். மருமகள் முற்றத்தில் நின்று அதை அபிநயித்துக் காட்டினாள். அம்மாவுக்கு முழங்கால் வலியெல்லாம் போன இடம் தெரியவில்லை. "நானும் அப்படித்தான் பிடிப்பேன்" என்று எழுந்துவிட்டாள். ஓர் உறவுப் படிப்பு அவ்வளவில் முடிந்திருந்தால் நான் இந்தக் கட்டுரையை எழுதியிருக்க மாட்டேன்.

அவள் இருந்தது கவோலாக் வட்டாரத்தில் ஒரு கிராமம். சுற்றிலும் நிலக்கடலைக் காடு. கொசுவலையைப் பற்றி வீடு வீடாகப் போய்ச் சொல்வதும், மலேரியாக் காய்ச்சல் கண்டவர்களை வைத்திய நிலையத்துக்கு அழைத்துப் போவதும் வேலை. முதல் சங்கடம் அவள் முகமே. அமெரிக்காவிலிருந்து பெண் வருகிறாள் என்று ஊர் காத்திருந்தது. வந்து இறங்கியதோ இந்தியப் பெண். செனகல்காரர்களுக்கு இந்தி சினிமா என்றால் உயிர். ஐம்பது அறுபது வருஷமாகப் பார்த்து வருகிறார்கள். "பாடு, ஆடு" என்று பிடித்துக் கொண்டார்களாம். இவளுக்கு இந்தியும் தெரியாது, ஆடவும் தெரியாது. "அப்படியானால் நீ எந்த ஊர்தான்?" என்று ஒரு கிழவர் கேட்டார். கல்லூரியில் இந்தக் கேள்வியைப் பற்றி ஒரு பருவம் முழுவதும் பாடம் நடந்ததாம். அந்தப் பாடத்தில் ஒரு வரிகூட அப்போது வாயில் வரவில்லையாம்.

இருக்க இடம் கொடுத்த குடும்பம் அவளுக்குத் தங்கள் பெயரையே கொடுத்துவிட்டது. அங்கே அதுதான் வழக்கம். வம்சப் பெயர் ன்ஜாய். ன்ஜாய்க்காரர்களுக்கும் ஜோப் வம்சத்தாருக்கும் பரிகாசம் பண்ணிக்கொள்ளும் முறை. முன்பின் தெரியாத ஜோப் ஒருவன் பஸ்ஸில் ஏறி, "ன்ஜாயா நீ? சோற்றுப் பானையைக் காலி பண்ணுகிற கூட்டமாயிற்றே!" என்பான். பதிலுக்கு இவள், "உன் வீட்டில்தான் பானையே கிடையாதே!" என்று சொல்ல வேண்டும். பஸ் முழுக்கச் சிரிக்கும். நம் ஊரில் மாமன் மச்சான் கேலி எவ்வளவு வேலை செய்கிறதோ அவ்வளவு வேலையை அங்கே ஒரு பெயர் செய்கிறது.

சாப்பாடு ஒரே பெரிய பாத்திரத்தில். சுற்றி உட்கார்ந்து வலக் கையால் சாப்பிட வேண்டும். அவரவருக்கு முன்னால் இருப்பதுதான் அவரவர் பங்கு; கையை நீட்டி நடுவில் உள்ள மீனைத் தொடக்கூடாது. வீட்டு அம்மாள் மீனைப் பிட்டுப் பிட்டு ஒவ்வொருவர் பக்கமாகத் தள்ளுவாள். முதல் நாள் இவள் நடுவில் கையை விட்டுவிட்டாள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அன்றிலிருந்து அந்த அம்மாள் எல்லோருக்கும் முன்னால் இவள் பக்கமாக மீனைத் தள்ள ஆரம்பித்தாள். "அது தண்டனையா அன்பான்னு எனக்கு ஆறு மாசம் புரியலை மாமா" என்றாள். ஆறு மாதத்துக்குப் பிறகு எப்படிப் புரிந்தது என்று கேட்டேன். "ஒரு நாள் எனக்குக் காய்ச்சல். அன்னிக்குப் பெரிய துண்டா வந்தது."

யாரைப் பார்த்தாலும் முதலில் குசலம். "நங்கா தெஃப்?" என்று கேட்டால், "மாங்கி ஃபி ரெக்" என்று பதில். 'நான் இங்கேதான் இருக்கிறேன்' என்று அர்த்தம். சௌக்கியமாக இருக்கிறேன் என்றல்ல. இங்கே இருக்கிறேன், அவ்வளவுதான். பிறகு, வீட்டில் உள்ளவர்கள் எங்கே? அங்கே இருக்கிறார்கள். இப்படி வரிசையாகக் கேட்டு முடித்த பிற்பாடுதான் விஷயம். அவசர சமாசாரம் கொண்டு வந்தவன்கூட இதைத் தாண்டக் கூடாது.

நாலைந்து நாள் இப்படிக் கதை கேட்டோம். ஐந்தாம் நாள் ராத்திரி மொட்டை மாடியில் தனியாக உட்கார்ந்திருந்தாள். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"மாமா, நீங்க கதை எழுதறீங்களே, நிஜ மனுஷங்களை எழுதினா அவங்ககிட்டே கேட்பீங்களா?"

எனக்குப் பகீர் என்றது. பேச்சை மாற்றி, "ஏன்? உனக்கு என்ன கஷ்டம்?" என்றேன்.

அவள் சொன்னது இது. அவளுடைய ஆராய்ச்சிக் கட்டுரை கொசுவலையைப் பற்றியது. சர்க்கார் இனாமாகக் கொடுத்த வலையைச் சில வீடுகளில் ஏன் கட்டிக் கொள்வதில்லை? வெக்கை ஒரு காரணம். மருந்து வாடை ஒரு காரணம். இவள் குடியிருந்த வீட்டு அம்மாளோ ஒரு புது வலையைப் பிரிக்காமலே பெட்டியில் பூட்டி வைத்திருந்தாள்.

அமெரிக்காவில் மனிதர்களைப் பற்றி ஆராய்ச்சி செய்வதென்றால் சும்மா செய்துவிட முடியாது. கல்லூரியில் ஒரு குழு அனுமதி தர வேண்டும், சம்பந்தப்பட்டவர்களிடம் சம்மதம் வாங்க வேண்டும். அதற்கு ஒரு கொடிய கதை உண்டு. அலபாமா ராஜ்யத்தில் டஸ்கீகீ என்ற ஊரில் 1932-இலிருந்து 1972 வரையில் சுமார் அறுநூறு கறுப்பு மனிதர்களைச் சர்க்கார் வைத்தியர்களே கவனித்து வந்தார்கள். மூன்றில் இரண்டு பங்குப் பேருக்கு மேகநோய். பெனிசிலின் வந்த பிறகும் கொடுக்காமல், நோய் என்ன செய்கிறது என்று பார்த்துக் குறித்துக்கொண்டார்கள். அந்த மனிதர்களுக்கு இது தெரியாது. விஷயம் வெளியே வந்து, 1974-இல் அதற்கென்று சட்டம் போட்டார்கள். அந்தச் சட்டத்தின் கொள்ளுப் பேரனைப் போல ஒரு தாள் என் மருமகளின் பையிலும் இருந்தது.

அந்தத் தாளை அவள் வீட்டு அம்மாளுக்கு அவர்கள் பாஷையில் வாசித்துக் காட்டினாள். 'உங்களுக்கு இஷ்டமில்லாவிட்டால் எந்தக் கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. எப்போது வேண்டுமானாலும் விலகிக் கொள்ளலாம்.'

அந்த அம்மாள் சிரித்துவிட்டாளாம். "நான் உன் அம்மா. எதிலிருந்து விலகுவது?" என்று கேட்டாளாம். கேட்டுக்கொண்டே கட்டை விரலை நீட்டினாள்.

வலையைப் பற்றிய கேள்விகளுக்கெல்லாம் பதில் சொன்னாள். அது பகலில். சில வாரம் கழித்து ஒரு ராத்திரி, கேள்வியும் இல்லாமல் தாளும் இல்லாமல், இருவரும் ஒரே பாயில் படுத்திருந்தபோது, அந்த வலை ஏன் பெட்டியில் இருக்கிறது என்பதற்கு உண்மையான காரணத்தைச் சொன்னாள். நான் அது என்ன என்று இங்கே எழுதப் போவதில்லை. வாசகர்கள் கோபித்துக் கொள்ளலாம். எனக்குத் தெரியும் என்பதே அதிகம்.

மருமகள் அந்த ராத்திரியே அதைத் தன் குறிப்புப் புத்தகத்தில் எழுதினாள். எழுதியது ஏன் என்று கேட்டேன். "எழுதணும்னு பழக்கியிருந்தாங்க. தினமும் எழுதணும். கையே எழுதிடுச்சு மாமா." பிறகு கட்டுரையின் முதல் பிரதியைக் கல்லூரிக்கு அனுப்பும்போது அதையும் சேர்த்துவிட்டாள். மேற்பார்வை பார்க்கும் ஆசிரியரிடமிருந்து பதில் வந்தது. மற்றதெல்லாம் எல்லோரும் எழுதுவதுதான், இந்த மூன்று பக்கத்தில்தான் உயிர் இருக்கிறது, இதையே நடுவில் வைத்து மீதியைத் திருப்பி எழுது என்று. பெயரை மாற்றிவிடு, சம்மதம் வாங்கியிருக்கிறாயே, அப்புறம் என்ன?

"அவங்க ஆராய்ச்சிக்காரிகிட்டே சொல்லலை மாமா. பொண்ணுகிட்டே சொன்னாங்க" என்றாள்.

ஆசிரியரை நான் குறை சொல்ல மாட்டேன். அவர் இடத்தில் நான் இருந்தால் அதையேதான் சொல்லியிருப்பேன். அந்த மாடியிலும் என் வாயில் முதலில் வந்தது, "எழுதேன்" என்பதுதான். எழுதுகிறவனுடைய புத்தி அப்படி. தபால் கார்டில் எழுதினால்கூட ஆபத்து என்பதற்கு பீஸ் கோரின் ஆரம்ப நாளிலேயே அத்தாட்சி உண்டு. 1961 அக்டோபரில் நைஜீரியாவில் இபாதான் நகரத்துக்குப் பயிற்சிக்குப் போன ஓர் அமெரிக்கப் பெண், ஜனங்கள் தெருவிலேயே எப்படிச் சமைத்து, விற்று, காலம் தள்ளுகிறார்கள் என்று தன் சிநேகிதருக்கு ஒரு கார்டு எழுதினாள். அது தபாலில் போய்ச் சேராமல் மாணவர்கள் கையில் சிக்கியது. நகல் எடுத்துப் பரப்பிவிட்டார்கள். பெரிய கிளர்ச்சியாகி அந்தப் பெண் ஊர் திரும்ப வேண்டியதாயிற்று. அவள் பொய் எழுதவில்லை. யாரைப் பற்றி எழுதினாளோ அவர்கள் படிப்பார்கள் என்று எண்ணவில்லை, அவ்வளவுதான். இன்னொரு பக்கம், பிற்காலத்தில் அமெரிக்க ஜனாதிபதியான கார்ட்டரின் தாயார் லில்லியன், 68-ஆம் வயதில், 1966-இல், பம்பாய்க்குப் பக்கத்தில் விக்ரோலிக்கு நர்ஸ் வேலைக்கு வந்தார். வீட்டுக்குக் கடிதம் கடிதமாக எழுதினார். மகன் ஜனாதிபதியானதும், 1977-இல், அவை புத்தகமாக வந்துவிட்டன. தன்னைப் பற்றி ஒரு கிழவி வீட்டுக்கு என்ன எழுதினாள் என்பது விக்ரோலியில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்?

இனி என் விஷயம். தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன்.

எனக்கு ஒரு சித்தி இருக்கிறாள். அம்மாவின் தங்கை, எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. நான் சின்னப் பையனாக இருந்தபோது அம்மாவைவிடச் சித்தியின் மடியில் படுத்துக் கதை கேட்டதுதான் அதிகம். எனக்குக் கதை எழுத வந்தது என்றால் அந்த வாயைக் கேட்டுத்தான் வந்தது. 2006-இல், எனக்கு இருபத்தேழு வயது இருக்கும், சித்தி என்னிடம் மட்டும் சொன்ன ஒரு சமாசாரத்தை வைத்து ஒரு கதை எழுதினேன். ஊரை மாற்றினேன், பெயரை மாற்றினேன், அவளுடைய மூக்குத்திக்குப் பதில் தோடு போட்டேன். கதைக்குப் பரிசு வந்தது. என்னை எழுத்தாளன் என்று நாலு பேர் சொன்னது அதற்குப் பிறகுதான்.

சித்தி சண்டை போடவில்லை. ஒரு நாள் கோவிலில் பார்த்தபோது, "நான் உனக்குச் சொன்னேன். ஊருக்குச் சொல்லலை" என்று மட்டும் சொன்னாள். அன்று முதல் நான் போனால் காபி கொடுப்பாள், வெயிலைப் பற்றிப் பேசுவாள், விலைவாசியைப் பற்றிப் பேசுவாள். வேறு ஒரு வார்த்தை கிடையாது. எட்டு வருஷம் அப்படி. அம்மா 'உறவு' என்று சொன்னது இதைத்தான்.

மருமகளிடம் இதைச் சொல்லிவிட்டேன். அவள் என்னைத் தேற்றுவாள் என்று ஒரு நப்பாசை. அவளோ, "அவங்களை நான் பார்க்கணும்" என்றாள்.

மறுநாள் சித்தி வீட்டுக்குப் போனோம். நான் கூடத்தில் உட்கார்ந்துகொண்டேன். அவர்கள் சமையலறையில். கதவு இல்லாத வீடு. காதைப் பொத்திக்கொள்ள நான் மகான் அல்ல. என்ன ரகசியம் என்று சொல்லாமல், கட்டுரை, ஆசிரியர், கட்டை விரல் எல்லாவற்றையும் மருமகள் தன் அமெரிக்கத் தமிழில் சொன்னாள். சித்தி நடுவில் ஒன்றுமே கேட்கவில்லை. முடிந்ததும் கேட்டாள்:

"அந்தப் பொம்பளைக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியுமா?"

"தெரியாது. எந்த பாஷையும் வாசிக்கத் தெரியாது."

"அப்ப இன்னும் மோசம். எனக்காவது வாசிக்கத் தெரிஞ்சது. வாசிச்சேன், கோபப்பட்டேன். ஏன்னு கேட்கவும் கேட்டேன். அவளுக்கு அதுகூடக் கிடையாதே."

கூடத்தில் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்று சாயங்காலம் மாடியிலிருந்து மருமகள் செனகலுக்கு டெலிபோன் பண்ணினாள். நங்கா தெஃப், மாங்கி ஃபி ரெக் என்று ஆரம்பித்து, எங்கள் அம்மா எங்கே, நான் எங்கே, வீட்டு வாசலில் கட்டியிருக்கும் ஆடு எங்கே என்பது வரையில் பத்து நிமிஷம் குசலம். பிறகு குரல் தணிந்தது. எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. நடுவில் ஒரு தடவை அவள் ரொம்ப நேரம் பேசாமல் இருந்தாள். கடைசியில் சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"என்ன சொன்னாங்க?" என்றேன்.

"வலையைப் பத்தி எழுது, அதை எழுதாதேன்னாங்க. அப்புறம், பாஸ் பண்ணிடுவியா, இல்லை அது இல்லாட்டி ஃபெயிலான்னு கேட்டாங்க. ஃபெயில்னா எழுதிக்கோன்னாங்க."

இந்தக் கடைசி வாக்கியத்தைக் கேட்ட பிறகு எழுத யாருக்கு மனம் வரும்? மூன்று பக்கத்தையும் எடுத்துவிட்டாள். கட்டுரை தேறிவிட்டது, விசேஷமாக ஒன்றும் சொல்லவில்லை என்று கேள்வி. பட்டம் வந்துவிட்டது. அந்த மூன்று பக்கம் இல்லாததனால் படிப்புக்கு நஷ்டம் உண்டா என்றால், உண்டு என்றுதான் நினைக்கிறேன். நான் எழுத்தாளன், வேறு விதமாகச் சொன்னால் பொய்யாகும். கொசுவலை கொடுக்கிறவர்களுக்கு அந்தக் காரணம் தெரிந்தால் சில குழந்தைகளுக்கு நல்லதாகக்கூட இருக்கும். ஆனாலும் அது அவள் எடுத்துக் கொடுக்கக்கூடிய சரக்கு அல்ல.

அவளை ரயிலேற்ற எல்லோரும் போனோம், சித்தியும் வந்தாள். வண்டி புறப்படும்போது மருமகள் ஜன்னல் வழியாக அம்மாச்சிக்கு இடது கையை நீட்டினாள். அம்மா அதை ஓர் அடி அடித்து, "சோத்தாங்கையைக் குடுடி!" என்றாள். செனகலில் தூரப் பிரயாணம் போகிறவர்கள் இடது கையைத்தான் கொடுப்பார்கள். தப்பு செய்துவிட்டுப் போகிறவன் அதைத் திருத்தத் திரும்பி வந்தாக வேண்டும் என்று கணக்கு. இதை அவள் விளக்கிச் சொல்லி முடிப்பதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது. சித்திக்கு மட்டும் பாதி கேட்டிருக்கிறது. வீட்டுக்கு வரும் வழியில் ஆட்டோவில் மீதியை என்னிடம் கேட்டாள். எட்டு வருஷத்தில் அவளாக என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது.

அந்த டிசம்பருக்குப் பிறகும் சித்தி எனக்கு ரகசியம் எதுவும் சொன்னதில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. ஆனால் இந்தக் கட்டுரையை எழுதி முடித்ததும் அவள் வீட்டுக்கு எடுத்துப்போய் முதலிலிருந்து கடைசி வரையில் வாசித்துக் காட்டினேன். இப்போது அவளுக்குக் கண் சரியாகத் தெரிவதில்லை. இரண்டு இடத்தில் நிறுத்தச் சொல்லி, "இது வேண்டாம்" என்றாள். அடித்துவிட்டேன். மூக்குத்தி இருக்கட்டுமா என்று கேட்டேன். இருக்கட்டும் என்றாள்.

"இதுக்குப் பத்திரிகைக்காரன் எவ்வளவு குடுப்பான்?" என்றாள்.

சொன்னேன்.

"அவ்வளவுதானா!" என்று சொல்லிவிட்டுக் காபி போட எழுந்து போனாள்.